பாதி நாமம்

யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அந்த நீளமான வார்டின் வாசலில் நின்று, சுவரில் மாட்டியிருந்த கிருமிநாசினியைக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். கக்கத்தில் பிளாஸ்க். பின்னேர மழையில் நனைந்த கோட்டு. என் மனைவி மலரின் கட்டிலைச் சுற்றி நீலத் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் அவசரமே இல்லாமல் வந்தது.

"வா... குரு. வா... குரு. வா... குரு."

என் முழுப்பெயர் குருநாதன். கூப்பிடுகிறவர்களுக்குக் குரு. ஆனால் மலர் ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டவள் அல்ல. அதைவிட, பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன நாளிலிருந்து அவள் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில்தான் அடி விழுந்திருக்கிறது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் திரையைக் கிழிக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

மலர் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

குரல் பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்தது. வெள்ளைத் துப்பட்டாவால் தலையை மூடிய ஒரு பஞ்சாபி அம்மா. கண் மூடியிருந்தது. வலது கையில் கம்பளி நூலில் முடிச்சுப் போட்டுச் செய்த ஒரு மாலை. விரல் முடிச்சு முடிச்சாக நகர்ந்தது. அவர் சொன்னது "வாஹே குரு", சீக்கியர்கள் கடவுளுக்குச் சொல்லும் பெயர். நனைந்த என் காதுக்குத்தான் அது என் பெயராகக் கேட்டிருக்கிறது.

பந்தியில் இருத்தி இலையும் போட்டுவிட்டு எழுப்பி விட்டது போலிருந்தது எனக்கு.

அவர் கண்ணைத் திறந்து, "சத்தம் தொந்தரவா, பாய் சாகிப்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானும் மறைக்கவில்லை. நீங்கள் என்னைத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன், என் பெயர் குரு என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள்.

"உங்களைக் கூப்பிட எனக்கு என்ன வேலை? நான் சொல்லுகிற ஆள் உங்களைவிடக் கொஞ்சம் பெரியவர்," என்றார்.

அப்படித்தான் சுர்ஜீத் கௌர் எங்களுக்கு அறிமுகமானார்.

பெயர் சொல்லாத வீடு

இந்தத் தொடரை வாராவாரம் வாசிக்கும் ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். "எப்போது பார்த்தாலும் மனைவி, மனைவி என்கிறீர்களே, அவருக்குப் பெயர் இல்லையா?" நியாயம்தான் அம்மா. இந்த வாரம் எழுதிவிட்டேன், பார்த்திருப்பீர்கள். எழுதும்போது கை கூசியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் அவளை "இஞ்சாரும்" என்பேன். அவள் என்னை "இஞ்சாருங்கோ" என்பாள். இங்கே பாரும், இங்கே பாருங்கோ என்பவை தேய்ந்து வந்த உருவம். யாழ்ப்பாணத்தில் எங்கள் காலத்துச் சோடிகள் பலருக்கு இதுதான் பெயர். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கலியாண மண்டபத்தில் எந்தப் பெண்ணாவது "இஞ்சாருங்கோ" என்று குரல் கொடுக்கட்டும், பாதி மண்டபம் "ஓம்" என்று திரும்பிப் பார்க்கும். எங்களூரில் ஆம் என்பது ஓம்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுள் குறையும் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. மலர் அதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. லண்டனில் நாங்கள் இருக்கும் பார்க்கிங் என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக இருந்தவள். ராகுகாலத்தில் கார் எடுத்தவள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளை அசைக்க முடியாது. என் பெயர் மட்டுமல்ல, அதன் முதல் இரண்டு எழுத்து ஒட்டியிருக்கிற எந்தச் சொல்லையும் வாயில் எடுக்கமாட்டாள். கோவில் குருக்கள் அவளுக்கு ஐயர். குருப்பெயர்ச்சி அவளுக்கு வியாழமாற்றம். குருநகர் என்ற ஊரை இப்போது எல்லோரும் மறந்துபோன பழைய பெயரால் கரையூர் என்பாள். ஊரில் தென்னையிலிருந்து விழும் குரும்பட்டியைக்கூட அவள் பிஞ்சு என்றுதான் சொன்னாள்.

சீண்டுவதற்கென்றே நான் கேட்பேன்.

"இஞ்சாரும், பின் வளவுக்குள்ள வந்து நிக்கிறது என்ன பறவை?"

"சிட்டு."

"என்ன சிட்டு?"

"சிட்டெண்டால் சிட்டுத்தான். போய்க் குப்பை வாளியை வெளியில வையுங்கோ."

ஹீத்ரோவில் ஒரு தலையாட்டல்

அவள் முதன்முதல் லண்டனுக்கு வந்து இறங்கிய நாளை இங்கே சொல்லாமல் போக முடியாது. நான் முன்னமே வந்துவிட்டேன். அவள் பல வருடம் கழித்துத்தான் வந்தாள். விமான நிலையத்தில் அதிகாரி கேட்ட முதல் கேள்வி: கணவர் பெயர் என்ன?

மலர் நிலத்தைப் பார்த்திருக்கிறாள். அவர் மறுபடி கேட்டார். மறுபடி நிலம். புருஷன் பெயர் தெரியாத பெண்சாதியா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மொழிபெயர்க்க ஒரு தமிழ்நாட்டு அம்மாவை அழைத்து வந்தார்கள்.

"ஒரே ஒரு தடவை சொல்லிடுங்கம்மா. சொல்லலைன்னா திருப்பி அனுப்பிடப் போறாங்க."

"அவரையே சொல்லச் சொல்லுங்கோ. நான் தலையாட்டுறன்."

கடைசியில் அந்த அதிகாரியே இறங்கி வந்து, பொய்யும் மெய்யுமாகச் சில ஆண்களின் பெயர்களைக் கலந்து வாசித்தாராம். குருநாதன் வந்த இடத்தில் மலரின் தலை ஆடியது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் பூங்கொத்தோடு வேர்த்து வழிந்துகொண்டு நின்றேன். வெளியே வந்ததும் அவள் சொன்ன முதல் சொல் "இஞ்சாருங்கோ". அடுத்தது, "ஏன் இப்பிடி மெலிஞ்சு போனியள்?"

அந்தக் குரலைக் கேட்பதற்காகத்தான் வார்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

வாவும் வாஹும்

வார்டில் செய்வதற்கு எனக்கு அதிகம் இல்லை. விழுங்குவது சிரமம் என்பதால் மலருக்குத் தேத்தண்ணியில் ஒரு மாவைக் கலந்து கஞ்சிப் பதத்தில் கொடுக்கவேண்டும். அதைக் கரண்டி கரண்டியாகப் பருக்குவேன். நர்ஸ்மார் சொன்னபடி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். "மலர். மலர்." வாழ்நாளில் சொல்லாத பெயரை அங்கே சொல்லித் தீர்த்தேன். அவள் கண் என் பக்கம் வரும். சுவரில் படுவது போல என்மேல் பட்டுவிட்டுப் போகும். டொக்டர் என்னைக் காட்டி "இவர் யார்?" என்று கேட்டபோதும் அதே பார்வைதான்.

அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேச்சு வராவிட்டால் போகட்டும். இந்த மனுசன் யார் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும், அது மட்டும் போதும் என்று எனக்குள் கிடந்து துடித்தது.

பக்கத்துக் கட்டிலில் சுர்ஜீத் கௌருக்கு இடது பக்கம் விழுந்திருந்தது. பேச்சு ஒரு கீறலும் இல்லாமல் தப்பியிருந்தது. தப்பிய பேச்சின் பெரும்பகுதி அந்த ஒரே சொல்லுக்குத்தான் போனது. கண் விழித்ததும் வாஹேகுரு. கஞ்சி வரும்வரை வாஹேகுரு. பிசியோதெரபிக்காரர் காலைப் பிடித்து மடக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வாஹேகுரு. இதற்குச் சிம்ரன் என்று பெயர், நாமத்தை நினைத்துக்கொண்டே இருப்பது என்றார். இதற்கென்று தனி நேரமோ தனி அறையோ வேண்டியதில்லையாம். வைட்சாப்பல் பக்கம் ஒரு தையல் ஃபாக்டரியில் வேலை செய்த காலத்தில் மெசின் ஊசி ஏறி இறங்குகிற தாளத்துக்கே சொல்லிப் பழகினாராம்.

"எங்கள் மொழியில் வா என்றால் கூப்பிடுவது," என்றேன் ஒருநாள். "அதனால் நீங்கள் கூப்பிடுவதாகத்தான் எனக்குக் கேட்கிறது."

அவர் யோசித்தார். "இது கூப்பிடுகிற வா இல்லை, பாய் சாகிப். நல்ல ஒன்றைக் கண்டால் வாஹ் என்கிறோமே, அந்த வாஹ். வந்திருப்பவரைப் பார்த்துச் சொல்வது."

"வந்திருக்கிறாரா? எங்கே?"

"இங்கேதான்," என்று கட்டில் கம்பியைத் தட்டினார்.

எனக்கு அது ஒட்டவில்லை. என்னால் அங்கே ஒன்றையும் பார்த்து வாஹ் என்று சொல்ல முடியவில்லை. எனக்குக் கூப்பிட மட்டும்தான் தெரிந்தது.

விழுந்த வால்

ஒருநாள் காலை நான் போனபோது சுர்ஜீத் கௌர் உதட்டில் விரலை வைத்து, மலரின் பக்கம் கண்ணைக் காட்டினார். நான் கோட்டையும் கழற்றாமல் நின்றேன்.

"வாஹே," என்றாள் மலர், கூரையைப் பார்த்து. பிறகு மறுபடியும், "வாஹே."

நான் அங்கேயே நின்று அழுதேன். அழுது மூக்கைச் சிந்தி முடித்ததும் கொஞ்சம் பொறாமையும் வந்தது. உள்ளதைச் சொல்லவேண்டும். தினமும் திருநீறு பூசி அவள் காதில் நமசிவாய ஓதியிருக்கிறேன். எங்கள் ஐந்தெழுத்துக்கு அசையாத நாக்கு அயல்வீட்டு நாமத்துக்கு அசைகிறதே! பிறகு யோசித்தேன். மலர் உதடு அசையாமல் கும்பிடுகிறவள். அவள் வாயில் நான் நமசிவாயவைக் கேட்டதே இல்லை. பக்கத்துக் கட்டில் சத்தம்தான் அவளுக்குள் நாளெல்லாம் விழுந்துகொண்டிருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த எம்மா என்ற பெண் துள்ளிக் குதிக்காத குறை. பாட்டு, பிரார்த்தனை, எண்ணுவது போன்றவை சில பேருக்கு மற்றப் பேச்சுக்கு முன்னால் வரும் என்றாள். ஆனால் மலர் சொற்களின் கடைசிப் பகுதியைத் தவறவிடுகிறாள், அதை மீட்கவேண்டும் என்றாள். மலரின் முன்னால் உட்கார்ந்து "வாஹே..." என்று இழுத்து, மிச்சத்துக்காகக் காத்திருந்தாள். மலர் உதட்டை மூடிக்கொண்டாள்.

நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அடுத்த சில நாட்களில் "தண்ணி" வந்தது. வால் விழாமல் முழுசாக வந்தது. கஞ்சித் தேத்தண்ணியைத் தள்ளிவிட்டு, போதும் என்பதற்கு "காணும்" என்றாள். அதுவும் முழுசு. எம்மா மறுபடி "வாஹே..." என்று இழுத்தாள். மலர் அதைச் சொன்னாள், நிறுத்தினாள், தலையைத் தாழ்த்தினாள். நல்ல கையால் போர்வை நுனியைத் தோளுக்கு மேலே இழுத்துவிட்டாள்.

அந்த இழுப்பு எனக்குத் தெரியும். யாராவது அவள் முன்னால் என் பெயரைச் சொன்னால் சேலைத் தலைப்பை அப்படித்தான் இழுத்துவிடுவாள்.

அவள் வால் ஒன்றையும் தவறவிடவில்லை. மிச்சப் பாதி குரு. அது என் பெயர். பஞ்சாபியோ பாரசீகமோ, அதைச் சொல்லமாட்டாள். எல்லாம் கரைந்துபோன மூளையில் அந்தக் கூச்சம் மட்டும் கரையாமல் இருக்கிறது. கூச்சம் இருக்கிறது என்றால் அதற்குள் நானும் இருக்கிறேன்.

படத்துப் பறவை

மகள் வாணி விம்பிள்டனில் இருக்கிறாள். சனிக்கிழமை வந்தபோது அவளைக் கன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய் இதைச் சொன்னேன்.

"அப்பா, தட்ஸ் ஸோ ஸ்வீட்," என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "ஆனா அம்மாவுக்கு வந்தது பெரிய ஸ்ட்ரோக். நீங்கள் கேக்க விரும்புறதைத்தான் கேக்கிறீங்களோ எண்டு எனக்குப் பயமா இருக்கு."

"வந்து பார்."

அன்று எம்மா படங்கள் கொண்டுவந்திருந்தாள். கதிரை, கோப்பை, பூனை. ஒன்றிரண்டு வந்தன, பல வரவில்லை. பிறகு தவிட்டு நிறத்தில் ஒரு சின்னப் பறவை. மலர் நீண்ட நேரம் பார்த்தாள்.

"சிட்டு," என்றாள்.

நான் வாணியைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை, தாயைப் போலவே பிடிவாதக்காரி. "அது ஹாபிட், அப்பா. பழக்கத்தில வாறது."

"பழக்கமெண்டால் என்ன பிள்ளை? நானும் கொம்மாவும் இவ்வளவு காலம் வாழ்ந்தது பழக்கமில்லாமல் வேற என்ன?"

எனக்கும் உள்ளுக்குள் முழு நிச்சயம் இல்லை. ஆனால் நம்புவதற்கு அந்தப் பாதிச் சொல்லைத் தவிர என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

பதில் சொல்லும் முறை

சுர்ஜீத் கௌர் முதலில் வீட்டுக்குப் போனார். பிறகு நாங்களும் பார்க்கிங்குக்குத் திரும்பினோம். முன்னறைக்குள் கட்டில் வந்தது. மலருக்குப் பத்துப் பதினைந்து சொற்கள் இருந்தன. "இஞ்சாருங்கோ" அவற்றில் இல்லை. நான் தேவைப்பட்டால் கட்டில் சட்டத்தில் தட்டுவாள். நான் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்று அந்தத் தட்டலைக் கேட்கும்போதெல்லாம், அதற்கு முன்னால் வரவேண்டிய குரலுக்காக ஒரு கணம் காத்துநின்றுவிட்டுத்தான் போவேன். வராத குரலுக்கு ஏங்கி ஏங்கி எனக்கும் காது கெட்டுவிட்டதோ என்னவோ, தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கிற சத்தத்தில்கூட அது கேட்டது.

பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு அவள் தன்பாட்டில் "வாஹே" தொடங்குவாள். தொலைபேசியில் சுர்ஜீத் கௌர் ஒரு வழி சொன்னார். அவர்களுடைய கோவிலில் ஒரு பக்கம் சொல்ல மறுபக்கம் பதில் சொல்லுமாம். நீங்கள் பதில் சொல்லுங்கள் என்றார். நான் சைவக்காரன், பரவாயில்லையா என்று கேட்டேன். நாமத்துக்குப் பாஸ்போர்ட் கேட்பதில்லை என்றார்.

"வாஹே," என்பாள் மலர்.

"குரு," என்பேன் நான்.

தன் பெயரைத் தானே சொல்லிச் செபித்த பக்தன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அந்த நேரத்துக்காகவே பகல் முழுக்கக் காத்திருந்தேன். அவள் விட்ட இடத்தில் நான் இருந்தேன். அவள் அங்கே நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும், "உங்களைத் தெரியும்" என்று சொல்வது போலவே இருந்தது.

அதனால் ஒரு பயமும் வந்தது. அவள் ஒருநாள் முழுச் சொல்லையும் சொல்லிவிட்டால்? எம்மா கைதட்டுவாள். வாணி கேக் வாங்குவாள். எனக்கோ, அவள் கூச்சப்பட வேண்டிய ஆளாக நான் இனி இல்லை என்று ஆகிவிடும். பெண்சாதி குணமாவதற்குப் பயப்படுகிற புருஷனை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? நான் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

சுர்ஜீத் கௌர் விடாமல் கேட்டு, ஒரு ஞாயிறு முற்பகல் மலரைச் சக்கர நாற்காலியில் அவர்களுடைய கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சப்பாத்தைக் கழற்றி, தலையில் காவித்துணி கட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் வாழைக்குலைக் கடை முதலாளி மாதிரி இருந்தேன். உள்ளே நெய் மணம். விரிப்பின் நடுவில் ஒரு பாதை. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம். மலரின் தலையில் ஒரு துப்பட்டாவைப் போட்டுவிட்டு, சுர்ஜீத் கௌர் அவளைத் தன் அருகில் வைத்துக்கொண்டார். நான் எதிர்ப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

ஆர்மோனியம் எழும்பியது. பாடுகிறவர் சொன்னார், சபை பதில் சொன்னது. வாஹேகுரு. வாஹேகுரு. கொஞ்ச நேரத்தில் யார் சொல்கிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள் என்று தெரியாமல் எல்லாம் ஒரே மூச்சாகிவிட்டது. நான் கண்ணை மூடவில்லை. மலரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் உதடு "வாஹே"க்கு விரிந்தது. நின்றது. நான் இந்தப் பக்கத்திலிருந்து "குரு" என்றேன். இத்தனை பேர் குரலில் அது அவளுக்கு எங்கே கேட்கப் போகிறது. மறுபடி விரிந்தது. நின்றது. பிறகு ஒரு முறை நிற்கவில்லை. உதடு குவிந்தது, திறந்து மறுபடி குவிந்தது.

குரு.

நான் தவறாகப் பார்த்தேனோ என்று முன்னால் சாய்ந்தேன். இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னாள், முழுசாக, பாத்திரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவது போலத் தடையில்லாமல். தலை தாழவில்லை. துப்பட்டாவை இழுக்கவில்லை. சுர்ஜீத் கௌர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். என்னைப் பார்த்து, பார், பார் என்று தலையசைத்தார்.

நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? பிரசாதம் வந்தது. நம் அல்வாவைப் போலச் சூடாக, நெய் வழிய, இரண்டு கையையும் ஏந்தி வாங்கவேண்டும். வாயில் வைத்தேன். ருசி தெரியவில்லை.

வெளியே வந்து, சப்பாத்துத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி, நிலத்தில் முழங்காலூன்றினேன். அவளுடைய வலது காலுக்குச் சப்பாத்து மாட்டுவது இலேசான வேலை இல்லை. குதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் நுழைக்கவேண்டும். கையெல்லாம் நெய். நாடா வழுக்கிக்கொண்டு போனது. எங்களைக் கடந்து குடும்பங்கள் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

"குரு," என்றாள் மலர்.

முன்னால் வாஹே இல்லை. குரு மட்டும்.

நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவள் கண் எங்கே பார்க்கிறது என்று தெரிந்துவிடும். உள்ளே பாடிய பாட்டின் மிச்சமாக இருக்கலாம். அப்படியென்றால் அது எனக்கு இல்லை. என்னைத்தான் சொன்னாள் என்றால், என் பெயரைச் சொல்லக் கூசிய அந்த மலர் இனி வரமாட்டாள். எது வேண்டும் என்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது.

"குரு," என்றாள் மறுபடியும், கொஞ்சம் உரத்து.

கூப்பிட்டால் பதில் சொல்லவேண்டும். நான் அவளுடைய காலைப் பிடித்தபடியே, "ஓம், சொல்லும்," என்றேன்.